பிளக்கைக் கழற்றிய பிறகும் 280 வோல்ட்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த வாரத்தில்தான் என் கிட்டார் ஆம்ப் செத்தது. கரண்ட் எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், சுவிட்சை அணைக்காமலே படுத்துவிட்டேன். நடுச்சாமத்தில் கரண்ட் வந்த அதே கணம் அறை மூலையில் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு மீன் கருகின மாதிரி ஒரு மணம். காலையில் போட்டுப் பார்த்தால் லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை.

அப்போது புதிது வாங்கும் நிலைமை இல்லை. 200 ரூபாயில் நின்ற டொலர் 300ஐத் தொட்டுவிட்டது, இறக்குமதிக் கட்டுப்பாடு வேறு. சாதாரண தரத்தில் ஓமின் விதி படித்திருக்கிறேன், வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது, இது போதாதா என்று நினைத்தேன்.

போதாது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வாடகை வீட்டின் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து, ஆம்ப்பின் பின் பலகையைக் கழற்றி, சுவிட்ச் அணைந்துதானே இருக்கிறது என்ற தைரியத்தில் பியூஸ் இருக்கும் இடத்தை விரலால் தடவினேன். இடது கை பக்கத்தில் இருந்த கணினியின் இரும்புப் பெட்டியில் சாய்ந்திருந்தது. அடித்த அடியில் நான் பின்னால் போய் அலுமாரியில் மோத, ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டது, குசினியில் இருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். வலது கையில் இருந்து இடது கைக்கு, நேரே நெஞ்சுக்கு நடுவால். ட்ரிப் இல்லாத பழைய வீடாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

பிளக் சுவரிலேயே இருந்தது, அதுதான் விஷயம். சுவரில் இருந்து வரும் லைவ் வயர் ஆம்ப்புக்குள் முதலில் பியூஸுக்குப் போகிறது, அதற்குப் பிறகுதான் முன்பக்கத்துச் சுவிட்ச். ஆகவே சுவிட்சை அணைத்தாலும் பியூஸின் ஒரு முனையில் 230 வோல்ட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

அம்மாதான் கொட்டாஞ்சேனைக்குத் துரத்தினாள். அவளுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே ஒரு ஒடுங்கிய கடையில் றேடியோ திருத்துகிறார், எழுபது தாண்டிவிட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படுவதற்கு முந்திய காலத்து ஆள். வெளிநாட்டுச் சாமான் கண்ணால் காணக் கிடைக்காத அந்த நாட்களில் கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கருக்கும் பொப் இசைக் குழுக்களுக்கும் ட்ரான்ஸ்போமரைக் கையால் சுற்றி ஆம்ப் கட்டிக் கொடுத்தவர். நான் 'ஐயா' என்பேன், அவர் 'தம்பி' என்பார். கரண்ட் அடித்த கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"தம்பி, முதல்ல பிளக்கைக் கழட்டிக் கையில பிடியும். பிறகு என்னோட கதையும்."

உண்மையாகவே கையில் பிடிக்கச் சொன்னார். இன்றுவரைக்கும் அதுதான் என் வழக்கம்: கழற்றின பிளக்கை மேசையில் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் முதல் ஆணி. சுவருக்குப் பின்னால் எங்கோ இருக்கும் பிளக்கை மனதுக்குள் கழற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வது மிகவும் சுலபம், அதுவும் ஒரு மல்டி பிளக்கில் ஐந்து வயர் தொங்கும் வீட்டில்.

என் ஆம்ப்பில் பியூஸ் கருகிப் போயிருந்தது. பியூஸ் மாற்றினால் சரிதானே என்றேன். "பியூஸ் சும்மா சாகாது தம்பி" என்றார். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிட்டு, பிறகு ட்ரான்ஸ்போமரே எரிந்த நிலையில் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கதை வேறு. அதே அளவு, அதே வகை பியூஸ்தான் போட வேண்டும். மேலே 'டி' என்ற எழுத்து இருந்தால் மெதுவாக எரிவது, 'எஃப்' என்றால் உடனே எரிவது, இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது.

புது பியூஸ் போட்டுச் சுவரில் செருகுவதற்கு முதல் அவர் ஒரு பலகையை எடுத்தார். பலகையில் ஒரு பல்ப் ஹோல்டர், ஒரு பிளக் பொயின்ட், அவ்வளவுதான். சுவரில் இருந்து வரும் லைவ் பல்புக்கு ஊடாகப் போய்த்தான் ஆம்ப்பை அடைகிறது. உள்ளே ஷோர்ட் இருந்தால் கரண்ட் முழுவதையும் பல்ப் வாங்கிக்கொண்டு பிரகாசமாக எரியும், ஆம்ப் எரியாது. ஷோர்ட் இல்லையென்றால் பல்ப் ஒருமுறை மின்னிவிட்டு மங்கிப்போகும். இதற்கு இழை உள்ள பழைய பல்ப்தான் வேண்டும், 60 அல்லது 100 வோட், எல்ஈடி உதவாது. இப்போது இழை பல்ப் கிடைப்பதே கஷ்டம், கண்டால் நான்கைந்து வாங்கி வைத்துவிடுங்கள். ஆனால் ஒன்று. இந்தப் பலகை ஆம்ப்பைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. பல்ப் மங்கலாக எரிகிறதே என்று உள்ளே கை வைத்தால் அடி அதே அடிதான்.

என்னுடையது பளீரென்று எரிந்தது. வெளியீட்டு ட்ரான்சிஸ்டர் இரண்டும் போயிருந்தன.

பெட்டாவுக்குப் போனேன். காலி வீதியில் 101 பஸ்ஸில் ஏறினால் கடைசித் தரிப்பு, அங்கிருந்து முதலாம் குறுக்குத் தெரு நடக்கும் தூரம்தான். கடைக்காரர் இரண்டு ட்ரான்சிஸ்டரைத் தாளில் சுற்றித் தந்தார், விலை மலிவு, எனக்குச் சந்தோஷம். ஐயா நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து மேலே ஒருமுறை தேய்க்க, இலக்கம் முழுவதும் பஞ்சோடு வந்துவிட்டது. வேறு ஏதோ சின்ன ட்ரான்சிஸ்டரின் மேல் பெரியதன் பெயரை அச்சடித்து விற்கிறார்கள். இது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம், அந்தக் கடைக்காரருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. இப்போது ட்ரான்சிஸ்டர் வாங்கினால் சோதித்துப் பார்க்கவென்று ஒன்று கூடுதலாக வாங்குவேன்.

புதிதைப் பூட்டின பிறகும் ஸ்பீக்கரைக் கொடுக்க விடவில்லை. ஸ்பீக்கர் வயர் இரண்டுக்கும் இடையில் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் அந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்கக்கூடாது, சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. இருபது முப்பது வோல்ட் நின்றால் உள்ளே இன்னும் கோளாறு இருக்கிறது, ஸ்பீக்கரைக் கொடுத்தீர்களென்றால் அதன் சுருள் அடுப்பாகிவிடும். எனக்கு 12 மில்லிவோல்ட் காட்டியது. அன்று இரவு அந்த ஆம்ப்பில் நான் வாசித்த வாசிப்புக்கு அயல்வீட்டு அன்ரி சுவரில் தட்டினார்.

இதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கல்யாண வீடுகளில் பைலா வாசிக்கும் ஒரு நண்பன் தன் வால்வு ஆம்ப்பைக் கொண்டுவந்தான், அதாவது ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய் வால்வுகள் உள்ளது, 15 வோட், ஈஎல்84 வால்வு இரண்டு. வெள்ளவத்தையில் இருந்து த்ரீவீலரில் ஏற்றி, ட்ராஃபிக்கில் கிடந்து, கொட்டாஞ்சேனை போய்ச் சேர ஒரு மணிநேரம். ஆம்ப்பைத் திறந்தோம். பிளக் என் கையிலேயே இருக்கிறது, பெருமையாகக் காட்டினேன்.

"மீட்டரை வையும்" என்றார்.

280 வோல்ட். ஒரு மணிநேரமாக எந்தச் சுவரிலும் செருகாத பெட்டிக்குள் 280 வோல்ட்.

வால்வு ஆம்ப்புக்குள் 300இல் இருந்து 450 வோல்ட் வரை டிசி ஓடுகிறது. அதைச் சீராக்குவதற்கென்று இருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள், வடித்துவிட வழி இல்லாவிட்டால், கரண்டைப் பிடித்தபடியே கிடக்கும். நண்பன் அணைக்கும்போது முதலில் ஸ்டான்ட்பை சுவிட்சை (வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்ட்டை மட்டும் துண்டிப்பது) தட்டிவிட்டுத்தான் மெயினை அணைப்பானாம். அப்படிச் செய்தால் வால்வுகள் கப்பாசிட்டரில் இருப்பதைக் குடித்து முடிக்க வாய்ப்பில்லை. 450 வோல்ட்டில் நிற்கும் 100 மைக்ரோஃபரட் கப்பாசிட்டரில் கிட்டத்தட்ட 10 ஜூல் இருக்கிறது. ஒரு கிலோ சீனிப் பை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழுகிற சக்தி. காலில் விழுந்தால் தாங்கலாம், நெஞ்சுக்கு ஊடாக ஒரு கணத்தில் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த இடத்தில் ட்ரிப் சுவிட்சை நம்பாதீர்கள். வீட்டு ட்ரிப் பார்ப்பது லைவில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்பதை மட்டும்தான், 30 மில்லிஅம்பியர் வித்தியாசம் வந்தால் விழும். ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கத்தில் நடக்கிற எதுவும் அதற்குத் தெரியாது, உங்கள் உடம்புக்கு ஊடாகப் போனாலும் தெரியாது. கழற்றி வைத்த ஆம்ப்பென்றால் ட்ரிப்புக்குச் சம்பந்தமே இல்லை.

ஸ்க்ரூ டிரைவரால் ஷோர்ட் பண்ணி வடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வெடிச்சத்தம் கேட்கும், உருகின உலோகம் கண்ணுக்குப் பறக்கும், கப்பாசிட்டரும் கெடும். ஐயா ஒரு வயரின் நடுவில் 10 கிலோஓம், 10 வோட் ரெசிஸ்டர் ஒன்றை ஈயம் பிடித்து, மேலே உறை போட்டு வைத்திருக்கிறார். ஒரு முனையில் முதலைக் கிளிப், மறுமுனையில் நன்றாக மூடின கைபிடியோடு ஊசி. கிளிப்பை முதலில் ஆம்ப்பின் உலோகச் சட்டகத்தில் மாட்ட வேண்டும், பிறகு ஊசியைக் கப்பாசிட்டரின் பொசிட்டிவில் வைக்க வேண்டும், இந்த ஒழுங்கு மாறக்கூடாது. 100 மைக்ரோஃபரட் என்றால் ஐந்து விநாடியில் ஏறக்குறைய முடிந்துவிடும், நான் மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன். பிறகு மீட்டர். ஆம்ப்பில் இப்படி மூன்று நான்கு கப்பாசிட்டர் இருக்கும், ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். சில நிமிடம் விட்டுத் திரும்பவும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வடித்த கப்பாசிட்டர் சும்மா வைத்தால் தானாகக் கொஞ்சம் ஏறும். முதல்முறை அதைக் கண்டபோது மீட்டர் பழுது என்று நினைத்தேன்.

மீட்டர் பழுதாகவும் இருக்கலாம், அதுதான் பயங்கரம். வயர் உள்ளே அறுந்த மீட்டர் எல்லா இடத்திலும் பூச்சியம்தான் காட்டும், நீங்கள் அதைப் பார்த்துவிட்டு ஆறுதலாகக் கை வைப்பீர்கள். அதனால் முதலில் ஒரு பட்டரியில் வைத்துப் பார், பிறகு ஆம்ப்பில் வை, பிறகு திரும்பவும் பட்டரியில் வை என்பது அவருடைய சட்டம். என்னிடம் இருந்த மஞ்சள் நிற மலிவு மீட்டரின் வயரை இரண்டு விரலால் மடித்துப் பார்த்து, இதை வைத்து கார் பட்டரி பாரும் என்று திருப்பித் தந்துவிட்டார். பிறகு 'கேட் 3, 600 வோல்ட்' என்று பாதுகாப்புத் தரம் அச்சிட்ட ஒன்று வாங்கினேன். முழு வேலையிலும் நான் காசு செலவழித்ததற்கு வருத்தப்படாத ஒரே சாமான் அது.

கரண்ட் இருக்கும்போதே அளக்க வேண்டி வந்தால் இடது கை காற்சட்டைப் பைக்குள். மீட்டரின் கறுப்பு வயரைக் கிளிப்பால் சட்டகத்தில் மாட்டிவிட்டு, சிவப்பை மட்டும் ஒரு கையால் பிடிக்க வேண்டும். மோதிரம், கைச்சங்கிலி இரண்டும் கழற்றி, காலில் பாட்டாச் செருப்பு, வீட்டில் இன்னொரு ஆள், அந்த ஆளுக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். களைப்பாக இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம். வேலை முடிந்து இரவு ஒன்பதுக்குத் திறந்த ஆம்ப் ஒன்றையும் நான் ஒழுங்காகத் திருத்தியது கிடையாது.

அந்த நண்பனின் ஆம்ப்பில் என்ன கோளாறு? சத்தம் இருந்திருந்து மங்கிப்போகும், இவ்வளவுதான். வால்வை மாற்று என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். ஐயா பின்னால் எஃபெக்ட் பெட்டிகளைச் செருகும் எஃபெக்ட்ஸ் லூப்பில் 'சென்ட்'டில் இருந்து 'ரிட்டர்ன்'னுக்கு ஒரு சின்ன வயரைச் செருகச் சொன்னார், சத்தம் முழுசாக வந்துவிட்டது. ஜாக்குக்குள் இருக்கும் சின்னத் தகடு கறுத்துவிட்டது, அவ்வளவே. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடற்கரையோரம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் ஆம்ப்பின் வியாதிகளில் பாதி உப்புக் காற்று. ஜாக்கும் திருகும் குமிழும்தான் முதலில் போகும், கொன்டாக்ட் கிளீனர் ஒரு டின் இருந்தால் போதும். மிச்சத்தில் ஒரு பகுதி பல்லி. போர்டில் காய்ந்து ஒட்டிக் கிடந்த பல்லியை இதுவரை இரண்டு ஆம்ப்பில் எடுத்திருக்கிறேன், ஒன்று வாலில்லாமல். இப்படிப்பட்டவற்றில் தொடங்கினால் கை பழகும், 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் போகவும் தேவையில்லை.

(ஒரு தவறையும் ஒத்துக்கொள்கிறேன். அதே ஆம்ப்பில் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு கரண்ட் போடப் போனேன். ஐயா அந்த வயதில் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் போய்விடும், ஆம்ப்பிலேயே விலை கூடிய சாமான்களில் அது ஒன்று.)

ஹம் பற்றி ஒரு விஷயம், கிட்டார்காரர்களுக்கு மட்டுமே கிடைத்த வசதி இது. அமெரிக்க வீடியோக்களில் 60, 120 என்று சொல்வார்கள், நமக்குக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப் 'ம்ம்ம்' என்கிறதா, கிட்டாரை எடுத்து ஆறாம் தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டைத் தட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். ஹம் அந்தச் சுருதியோடு கிட்டத்தட்டச் சேர்ந்தால் 100 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் அந்தப் பெரிய கப்பாசிட்டர்கள் கிழடாகிவிட்டன. அதைவிட ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டோடு சேர்ந்தால் 50, அப்போது எர்த்தையும் வயரையும் கிட்டாரின் பிக்கப்பையும் சந்தேகப்பட வேண்டும். கிட்டார் வயரை ஆம்ப்பில் இருந்து முழுசாகக் கழற்றிய பிறகும் ஹம் இருக்கிறதா என்று பார்த்தால் கிட்டாரா ஆம்ப்பா என்பது தெரிந்துவிடும். அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப் இல்லாமல் காதால் பாதி நோயைப் பிடிக்கலாம்.

ஹம்மை நிறுத்த எர்த்தை வெட்டுவது என்று ஒரு கெட்ட வைத்தியம் இருக்கிறது. போன வருடம் ஒரு பேஸ் ஆம்ப் வந்தது, பிளக்கைத் திறந்தால் பச்சை-மஞ்சள் வயரை வெட்டி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். மிக்சரோடு சேர்த்தால் ஹம் வந்ததாம், யாரோ கெட்டிக்காரர் செய்து கொடுத்தாராம். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜுக்கு ஊடாக, வயரின் உறைக்கு ஊடாக, ஆம்ப்பின் சட்டகத்தோடு சேர்ந்திருக்கின்றன. உள்ளே ஒரு லைவ் வயர் கழன்று சட்டகத்தில் பட்டால், எர்த் இருந்தால் பியூஸ் எரியும் அல்லது ட்ரிப் விழும். எர்த் இல்லாவிட்டால் தந்தியில் 230 வோல்ட் நிற்கும், வாசிக்கிறவர் எர்த் ஆன மைக்கில் உதடு வைக்கும்வரை காத்துக்கொண்டு நிற்கும். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் வாசிப்பாளர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில் மேடையிலேயே இறந்தது எர்த் சரியில்லாத மைக்கில் கை பட்டுத்தான். அந்த பேஸ் ஆம்ப்புக்கு நான் செய்தது வயரைத் திரும்பப் பூட்டியதும், மிக்சரையும் ஆம்ப்பையும் ஒரே இடத்தில் செருகச் சொன்னதும்தான். அதற்கும் ஹம் நிற்காவிட்டால், ஆம்ப்பை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது சிக்னல் வயரின் உறையை மட்டும் துண்டிக்கும், மெயின் எர்த்தைத் தொடாது. எர்த் வெட்டின ஆம்ப்பை அப்படியே திருத்தித் தா என்று கேட்கிறவர்களை இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன், நண்பராக இருந்தாலும்.

சின்ன டிஜிட்டல் ஆம்ப்தானே, வால்வு இல்லையே என்று துணிகிறவர்களுக்கும் ஒரு சொல்: எடை குறைந்த ஆம்ப்புகளில் இரும்பு ட்ரான்ஸ்போமருக்குப் பதிலாக வரும் அந்த பவர் போர்டில் 325 வோல்ட் டிசி நிற்கும். நான் இன்னும் அதைத் தொடுவதில்லை.

இப்போது கட்டிலுக்குக் கீழே ஜப்பானில் இருந்து வந்த ஒரு ஆம்ப் கிடக்கிறது. ரீகண்டிஷன் சாமான்களோடு வந்தது, 100 வோல்ட், வாங்கினவர் நேரே 230இல் செருகிவிட்டார். ட்ரான்ஸ்போமரின் முதற்சுருள் அறுந்துவிட்டது. புதிது தேடி அலுத்துப்போய் ஐயாவிடம் சொன்னேன். 230க்கே சுற்றிவிடுவோம், 230ஐ 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப்டவுன் பெட்டியே தேவைப்படாது என்றார். அவருக்கு இப்போது மெல்லிய கம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை, விரலுக்குத் தெரிகிறது. அவர் சுற்றுகிறார், அடுக்குக்கு அடுக்கு நான் கடதாசி வைத்துக்கொண்டு சுற்றுகளை எண்ணுகிறேன். போன சனிக்கிழமை 640இல் போன் அடித்து எண்ணிக்கை தவறிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் கம்பியைக் கழற்றத் தொடங்கிவிட்டார். என் போன் இப்போது அவருடைய மேசை லாச்சிக்குள்.